பிறந்ததற்கு என்ன ஆதாரம்? - பிறப்புப் பதிவேட்டின் கதை

கீழ்பென்னாத்தூரில் ஒரு வீட்டில் புதுசாக ஒரு குழந்தை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசவம் நடந்தது திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில். தாத்தா பஞ்சாங்கத்தைப் புரட்டி நட்சத்திரம் பார்க்கிறார். பாட்டி தீட்டுக் கழிக்கும் நாளை எண்ணுகிறார். பேர் வைப்பதில் அப்பா வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. இந்தக் கலாட்டாவுக்கு நடுவில் 21 நாள் என்ற ஒரு கெடு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் குழந்தையின் பிறப்பு அரசாங்கப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. குடும்பம் எந்த ஊரோ அந்த ஊரில் பிறப்பு பதிவாகாது. பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். அதனால் கீழ்பென்னாத்தூர்க்காரர் பலருடைய சான்றிதழில் பிறந்த இடம் திருவண்ணாமலை என்றே இருக்கும்.

இன்று இந்த ஒரு தாள் இல்லாமல் எதுவும் நகராது. ஆனால் இந்தத் தாள் முதலில் குழந்தைக்காக உருவானதா? இல்லை. அந்தக் கதைதான் இது.

நட்சத்திரம் தெரியும், வருஷம் தெரியாது

பிறந்த நாளை மறக்கிற பழக்கம் தமிழனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ராஜராஜ சோழன் ஐப்பசி சதயத்தில் பிறந்தான் என்பது கல்வெட்டுகளால் தெரிகிறது. ஆனால் அவன் எந்த வருஷம் பிறந்தான் என்பதை வரலாற்று ஆசிரியர்கள் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயிலில் விழா எடுக்க மாதமும் நட்சத்திரமும் போதும். வருஷம் யாருக்குத் தேவைப்பட்டது?

திருவண்ணாமலையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தார். ஆனால் ரமணாசிரமத்தில் ஜெயந்தி கொண்டாடுவது மார்கழிப் புனர்பூசத்தில். ஆங்கிலத் தேதி வருஷா வருஷம் மாறும், நட்சத்திரம் மாறாது. இறப்புக்கும் அப்படித்தான், திதி. வாரிசு இல்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாக இருந்து ஒவ்வொரு மாசி மகத்திலும் பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கிறார் என்பது ஊரறிந்த ஐதீகம். சாமியே திதியை மறப்பதில்லை என்றால் மனிதன் மறப்பானா?

ஜாதகம் எழுதி வைத்த வீடுகளில் வருஷமும் இருந்தது. ஆனால் தமிழ் வருஷங்கள் 60 வருஷச் சுற்று. பிரபவ வருஷம் என்றால் 1867ம் பிரபவ, 1927ம் பிரபவ, 1987ம் பிரபவ. ஜாதகம் எழுத வசதியில்லாத வீடுகளில் ஊரில் நடந்த சம்பவம்தான் காலண்டர். "தாது வருஷப் பஞ்சத்துக்கு மறு வருஷம் பிறந்தவன்", "சுதந்திரம் வந்தப்போ கைக்குழந்தை" என்றுதான் வயது சொல்வார்கள். ஊருக்குள் இது போதும். ஊருக்கு வெளியே ஒரு அதிகாரி மேஜைக்கு முன்னால் நின்றால் போதாது.

முதல் பதிவேடுகள்

தமிழ் மண்ணில் தேதி போட்டு எழுதிய பழைய பதிவேடுகளை வைத்திருந்தவை கிறிஸ்தவத் தேவாலயங்கள். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயம் திறக்கப்பட்டது 1680ல். ராபர்ட் கிளைவின் திருமணம் 1753ல் நடந்ததும் அங்கேதான். இந்தப் பழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1538லேயே ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க உத்தரவு வந்துவிட்டது. ஆனால் சபையைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பக்கங்களில் இடம். அரசாங்கமே எல்லோருடைய பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்யும் முறை இங்கிலாந்தில் 1837 ஜூலை 1ல்தான் ஆரம்பித்தது.

இந்தியாவுக்கு அது வந்த காரணம் வேறு. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இங்கே வெள்ளைக்காரப் படை பெருகியது. படைவீரர்கள் சண்டையில் செத்ததைவிடக் காலராவிலும் காய்ச்சலிலும் அதிகம் செத்தார்கள். இதை விசாரிக்க 1859ல் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அதற்குப் பின்னால் இருந்து உழைத்தார். 1863ல் அறிக்கை வந்தது. அடுத்த வருஷமே சென்னை, வங்காளம், பம்பாய் மூன்று மாகாணங்களிலும் சுகாதாரத்தைக் கவனிக்க அமைப்புகள் வந்தன. பாளையத்தில் வியாதி வராமல் தடுக்க வேண்டுமென்றால் பக்கத்துக் கிராமத்தில் என்ன வியாதி என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு கணக்கு வேண்டும்.

கணக்கு எழுத ஆள் ஏற்கெனவே ஊர் ஊராக இருந்தார். அவர்தான் கிராம முன்சீப். வரி வசூல் பார்த்தவர் கையில் இன்னொரு நோட்டும் வந்தது. யார் செத்தார், என்ன வியாதி, யாருக்குக் குழந்தை பிறந்தது, ஆணா பெண்ணா என்பதை எழுதித் தாலுகாவுக்கு அனுப்ப வேண்டும். அம்மை குத்த வருகிறவர் ஊரில் கைக்குழந்தை எத்தனை என்று பார்ப்பதற்கும் இது உதவியது. அந்த வரிகளில் பெரும்பாலும் குழந்தைக்குப் பேர் இருக்காது. இன்னாருக்கு ஆண், இன்னாருக்குப் பெண், அவ்வளவுதான். எண்ணிக்கை கேட்டவர்களுக்குப் பேர் தேவைப்படவில்லை.

தாது வருஷம்

அந்த நோட்டு எவ்வளவு முக்கியம் என்பது 1876ல் தெரிந்தது. மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கியது. வட ஆற்காடும் சேலமும் மோசமாக அடிபட்ட பகுதிகளில் சேர்ந்தவை.

செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஆரம்பத்தில் நிவாரண வேலை செய்கிறவர்களின் கூலியைக் குறைத்தார். ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே கொஞ்சம் சில்லறை. அதை எதிர்த்தவர் மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். மாகாணத்தின் 1871 மக்கள்தொகைக் கணக்கு அறிக்கையை எழுதியவரும் இவர்தான். உழைக்கிற உடம்புக்கு இந்த அளவு போதாது என்று வாதாடினார். அவருக்குக் கை கொடுத்தது மருத்துவ அறிவும், கிராமங்களிலிருந்தும் முகாம்களிலிருந்தும் வந்த சாவுக் கணக்கும். அதே வருஷத்தில் சென்னை அரசாங்கம் கூலியை உயர்த்தியது.

அந்தக் கணக்கு முழுக் கணக்கு இல்லை என்பதும் உண்மை. ஊரை விட்டுப் போய்ச் சாலையோரத்தில் விழுந்தவனை எந்த ஊர் முன்சீப் எழுதுவார்? இருந்தாலும் ஒரு விஷயத்தை அந்தப் பதிவேடு தெளிவாகக் காட்டியது. 1877ல் இறப்புப் பக்கம் நிரம்பி வழிந்தது. 1878ல் பிறப்புப் பக்கம் காலியாகக் கிடந்தது. பட்டினி கிடந்த உடம்புகளில் கரு தங்கவில்லை. பிறக்காத குழந்தைகளையும் ஒரு நோட்டு எண்ணிக் காட்டியது!

சட்டம் வந்தது, பேர் வரவில்லை

1886ல் இந்தியா முழுமைக்கும் ஒரு பதிவுச் சட்டம் வந்தது. அது விருப்பப்பட்டவர்கள் பதிந்துகொள்ளலாம் என்ற வகை. சென்னை மாகாணத்துக்குத் தனியாக 1899ல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. அதுவும் அரசாங்கம் அறிவித்த இடங்களில்தான் கட்டாயம். கட்டாயம் என்பது மெதுவாகத்தான் ஊர் ஊராகப் பரவியது.

குழந்தையின் பக்கத்திலிருந்து முதலில் இந்தப் பதிவேட்டைப் பார்த்தவர்கள் குழந்தைத் திருமணத்தை எதிர்த்தவர்கள். 1929ல் சாரதா சட்டம் நிறைவேறி 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 வயது ஆகாமல் கல்யாணம் செய்யக்கூடாது. சரி, பெண்ணுக்கு 14 ஆகிவிட்டது என்று அப்பா சொன்னால் இல்லை என்று நிரூபிப்பது எப்படி? சட்டத்துக்கு முன் விசாரணை நடத்திய மோரோபந்த் ஜோஷி கமிட்டி இதை யோசித்தது. பிறப்பைச் சரியாகப் பதிய வேண்டும், குழந்தையின் பேரும் அதில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. வயதுக்கு ஆதாரம் இல்லாத இடத்தில் வயது வரம்பு வெறும் எழுத்துதான் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

காதைத் தொட்டால் வயது ஐந்து

பதிவேடு செய்யாத வேலையைப் பள்ளிக்கூடம் செய்தது. பிள்ளையைச் சேர்க்க வந்தால் ஹெட்மாஸ்டர் ஒரு பரீட்சை வைப்பார். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டு போய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது! ஜூனில் பள்ளி திறப்பதால் அதற்குத் தோதாக ஒரு தேதியை அவரே எழுதிக்கொள்வார். இன்று 60, 70 வயதில் இருக்கும் தாத்தா பாட்டிகளின் பிறந்த தேதியைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள் என்று ஆச்சரியமாக இருக்கும்.

சிரிப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்த ஒரு வரிதான் பிறகு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறியது. அதை வைத்துத்தான் வேலை, அதை வைத்துத்தான் ஓய்வு, பென்ஷன். அரசு ஊழியர் பிறந்த தேதியை மாற்ற வேண்டுமென்றால் பணியில் சேர்ந்த 5 வருஷத்துக்குள் கேட்டாக வேண்டும். காதைத் தொட்ட கை கொஞ்சம் நீளமாக இருந்ததற்காக ஒரு வருஷச் சம்பளத்தை இழந்தவர்கள் இருப்பார்கள்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது உடனே புரியும். நடவடிக்கை நடந்த அன்றே குறிப்பேட்டில் எழுத வேண்டும், அதிலிருந்துதான் பேரேட்டுக்குப் போக வேண்டும் என்பது முதல் பாடம். குறிப்பேட்டில் எழுதாமல் விட்டு, பல வருஷம் கழித்துப் பேரேட்டில் உத்தேசமாக ஒரு தொகையைப் போட்டால் இருப்புநிலைக் குறிப்பு எப்படிச் சரியாக வரும்? மூன்று தலைமுறை மனிதர்களின் வயது அப்படித்தான் எழுதப்பட்டது.

1969ம் 1980ம்

சுதந்திர இந்தியா இதற்கு ஒரே சட்டம் செய்ய 22 வருஷம் ஆனது. 1969ல் நிறைவேறிய பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1970 ஏப்ரல் 1ல் அமலுக்கு வந்தது. நாடு முழுக்கப் பதிவு கட்டாயம் ஆனது. வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவரும், ஆஸ்பத்திரியில் பிறந்தால் அங்கே பொறுப்பில் இருக்கும் மருத்துவ அதிகாரியும் தகவல் சொல்ல வேண்டும். தகவல் சொன்னவருக்குப் பதிவின் நகல் இலவசம்.

சட்டம் மாறினாலும் கிராமத்தில் பேனா பழைய கையில்தான் இருந்தது. முன்சீப், கர்ணம் பதவிகள் 1895ல் வந்த ஒரு சட்டத்தின்படி பரம்பரையாக வந்தவை. அப்பாவுக்குப் பிறகு மகன் என்ற அந்த முறை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1960ல் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தப் பதவிகளும் அதிலிருந்த குடும்பங்களும் பல ஊர்களில் அப்படியே தொடர்ந்தன. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் அந்தப் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982ல் அரசு ஜெயித்தது. அந்த இடத்துக்கு வந்தவர்கள்தான் தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்கள், நாம் வி.ஏ.ஓ. என்கிறவர்கள்.

பிறப்புப் பதிவுக்கு இது ஏன் முக்கியம்? ஊரில் ஒரு குடும்பத்தின் திண்ணையில் இருந்த நோட்டு அரசாங்க ஆபீசுக்கு வந்தது. அந்தத் திண்ணையில் ஏற முடியாதவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த மாற்றத்தின் அளவு புரியும்.

எழுதப்படாத பெண்கள்

1986ல் உசிலம்பட்டிப் பக்கம் பிறந்த பெண் குழந்தைகள் கொல்லப்படுவது பத்திரிகைகளில் வந்து நாடே அதிர்ந்தது. 1992ல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. ஆனால் எத்தனை குழந்தைகள்? கொலை செய்தவர்கள் யாரும் கணக்குக் கொடுக்கப் போவதில்லை.

விடை ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் இருந்தது. ஷீலா ராணி சுங்கத்தும் வி. பி. ஆத்ரேயாவும் 1995ம் வருஷப் பதிவேடுகளை ஆராய்ந்து 1997ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிறப்பையும் சிசு மரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சில மாவட்டங்களில் பிறந்த சில நாட்களுக்குள் பெண் குழந்தைகள் மட்டும் அதிகமாகச் செத்தது தெரிந்தது. கிராமச் செவிலியர் ஒரு வரியில் எழுதி வைத்த பிறப்புதான் சாட்சி சொன்னது. பதிவே ஆகாமல் போன குழந்தை பிறப்புக் கணக்கிலும் இல்லை, இறப்புக் கணக்கிலும் இல்லை. அதற்காகக் கேள்வி கேட்கவும் ஆள் இல்லை.

ஒரு தேதி தந்த நாடு

இன்னொரு பக்கமும் பாருங்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் எந்த நாடு என்பது கேள்வி இல்லை. 1986ல் மண்டபம் அகதிகள் முகாமில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போனார். 2022ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். எங்கே பிறந்தார், எப்போது பிறந்தார் என்ற இரண்டு விஷயம் ஒருவருக்கு ஒரு நாட்டையே கொடுத்தது.

சேனையின் சுகாதாரத்துக்காக ஆரம்பித்த நோட்டு இங்கே வந்து நிற்கிறது. ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கை, பிறந்ததும் பதிவும் பேரும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992ல் அதில் சேர்ந்தது. உலகம் முழுக்க 5 வயதுக்குள் உள்ள சுமார் 15 கோடிக் குழந்தைகள் பதிவு இல்லாமல் இருப்பதாக யுனிசெஃப் 2024ல் சொன்னது.

இன்றைக்கு என்ன?

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் அநேகமாக இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனைகளில் நடக்கிறது. 2017லிருந்து கர்ப்பிணியாக இருக்கும்போதே பதிந்து வாங்கும் எண் பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்கப்படுகிறது. அதாவது குழந்தை பிறக்கும் முன்பே கணக்கு ஆரம்பித்துவிடுகிறது.

2023ல் சட்டம் திருத்தப்பட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் பட்டியல், ஆதார், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். காதைத் தொடும் பரீட்சைக்கு இனி வேலை இல்லை.

நல்ல விஷயம்தான். ஆனால் ஒரே கதவு என்று ஆகும்போது, அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறவன் நிலைமை முன்னைவிடக் கஷ்டம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போகும் இருளர் குடும்பங்கள் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் உண்டு. வேலை செய்த இடத்தில் பிள்ளை பிறந்து, அங்கே பதியாமல் ஊர் திரும்பினால் என்ன ஆகும்? பிறந்த இடத்தில்தான் பதிய வேண்டும். 30 நாள் தாண்டினால் மேல் அதிகாரியின் அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் போன்றவரின் உத்தரவு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை முறை அலைய முடியும்?

அந்தக் கீழ்பென்னாத்தூர்க் குழந்தைக்கு வருவோம். பேர் முடிவாகவில்லையா? பரவாயில்லை. பேர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் பேரை இலவசமாகச் சேர்க்கலாம், அதன் பிறகு கட்டணம் கட்டி 15 வயது வரை சேர்க்கலாம். பழைய பதிவுகளில் பேர் சேர்க்கவும் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. இனிஷியலும் எழுத்தும் சரியா என்று முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. பிறகு திருத்த அலைவதைவிட இது சுலபம்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பேர் இருக்கும் இடத்தில் பேர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே பாட்டியிடம் அவர் எப்போது பிறந்தார் என்று கேளுங்கள். நட்சத்திரம் சொல்வார், மாதம் சொல்வார், அந்த வருஷம் ஏரி உடைந்த கதையும் சொல்வார். அதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த ஆபீசிலும் அது பதிவாகியிருக்காது.